ஏர் பிஸ்டலில் காம்பன்சேட்டர் என்ன வேலை செய்கிறது?

வணக்கமுங்க. 2024 பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்து ரேஞ்சுக்கு வந்த பிள்ளைகள் கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் நிறையப் பேர். அவர்கள் அதிகம் கேட்பது குழல் நுனியில் மாட்டும் காம்பன்சேட்டரைப் பற்றித்தான்.

கேமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன். குழல் காலி, அதைக் காட்டும் சேஃப்டி ஃப்ளாக் என்ற அடையாளமும் போட்டிருக்கிறேன். நுனியில் இருக்கிறதே, இதுதான். மேலே பிளவுகள், உள்ளே நடுவில் துளையுள்ள ஒரு சின்னக் கூம்பு. பெல்லட் என்கிற சின்ன ஈயக்குண்டு குழலை விட்டு வந்ததும் அழுத்தக் காற்றும் பின்னாலேயே பாயும். அது பெல்லட்டின் வால்பக்கத்தை ஒருச்சாய்த்துத் தள்ளினால் பெல்லட் ஆடிப்போகும். கூம்பு, பெல்லட்டை நேராக விட்டுவிட்டுக் காற்றை ஓரமாகத் திருப்பிவிடுகிறது. மேல் பிளவு வழியாகப் போகும் காற்று நுனியைக் கீழே அமுக்குவதால், சுடும்போது நுனி மேலே எகிறும் துள்ளலும் குறைகிறது.

சரி, ஸ்கோர் ஏறுமா? பெல்லட் அரை கிராம்தான், வேகம் நொடிக்கு 150 மீட்டர் வாக்கில். சில மில்லி நொடிகளில் குழலை விட்டுப் போய்விடும். நம் கண்ணுக்குத் தெரியும் துள்ளலில் பெரும்பகுதி அதற்கு அப்புறம் வருவது. ஆகவே ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிற கைக்கு இது மருந்தல்ல. துள்ளல் குறைந்தால் ஃப்ரன்ட் சைட், அதாவது குறிபார்க்க நுனிப்பக்கம் இருக்கும் முள், எகிறாது, ஷாட் போனபோது சைட் எங்கே நின்றது என்று தெரியும். இதற்குத்தான் நான் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன். 60 ஷாட் மேட்சில் அடுத்த ஷாட்டைத் திருத்த இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

இப்போது பஞ்சு பட்ஸை உள்ளே விட்டுச் சுற்றுகிறேன், பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒட்டுகிறதே, ஈயத்தூள். கூம்பு வாயில் ஒரு பக்கம் மட்டும் ஈயம் பளபளவென்று தீற்றியிருந்தால் பெல்லட் அங்கே உரசுகிறது. இலக்கு அட்டையில் 10 புள்ளி தரும் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர். உரசிய பெல்லட் அதில் விழும் என்று நம்ப முடியாது. துடைத்து, நேராக இறுக்குங்கள். சில மாடல்களில் ஃப்ரன்ட் சைட் இதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். அப்போது ஜீரோவும், அதாவது குறிவைத்த இடத்திலேயே பெல்லட் படுகிறதா என்பதும், மறுபடி பார்க்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டீயைத் தொடுங்கள்.

இதைக் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்துகொள்ளலாமா அண்ணா என்று கேட்கிறீர்கள். வேண்டாமுங்க. நம்ம ஊர்ப் பட்டறைக்காரர்கள் பம்பு, மோட்டார் பாகங்களை மயிரிழை பிசகாமல் கடைவார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழலில் கைவைத்த பிஸ்டலுக்குப் போட்டிச் சோதனையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி பாகத்தையே வாங்குங்கள்.

10 மீட்டரில் இதற்குத் தடையில்லை. இதையும் சேர்த்து பிஸ்டல் 1500 கிராமுக்குள், 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். 25 மீட்டர் போட்டிகளில் காம்பன்சேட்டர் கூடாது. அடுத்த வீடியோவில் 500 கிராம் ட்ரிகர் எடையை, அதாவது ட்ரிகர் இழுபடத் தேவையான குறைந்தபட்ச எடையை, எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன்.