‘செய்திருந்தால்’ என்று சொன்னவன் தலை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணியினரே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட்: நாடகமா, அவதூறா?’ என்பது இன்றைய தலைப்பு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டைக் கொடியவனாகக் காட்டும் நாடகம் அது. நாடகமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஷேக்ஸ்பியரைக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். எங்கள் அணித் தலைவர் என்னை முறைத்தார்.

என்ன செய்வது, அவர் அடுக்கிய தகவல்கள் எல்லாம் உண்மை. நாடகத்தில் முன்னாள் ராணி மார்கரெட் லண்டன் அரண்மனைக்குள் வந்து நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சபிக்கிறாள். கதை நடக்கும் ஆண்டு 1483. அந்த அம்மாள் 1482இலேயே பிரான்சில் இறந்துவிட்டார். அண்ணன் கிளாரன்ஸைக் கொல்ல ரிச்சர்ட் ஆள் அனுப்புவதாகக் காட்சி வருகிறது. உண்மையில் 1478இல் கிளாரன்ஸைச் சாகடித்தது மூத்த அண்ணன் நான்காம் எட்வர்டின் அரசாங்கம். இதற்கு முந்தைய ஆறாம் ஹென்றி நாடகத்தில் இன்னும் வேடிக்கை. 1455இல் நடந்த செயின்ட் ஆல்பன்ஸ் போரில் ரிச்சர்ட் ஒரு பிரபுவை வெட்டிச் சாய்க்கிறான். ரிச்சர்ட் பிறந்தது 1452 அக்டோபரில். இரண்டரை வயதுப் பிள்ளை கையில் வாள்!

காரணத்தையும் அம்மா சொன்னார். 1485இல் போஸ்வர்த் களத்தில் ரிச்சர்டை வீழ்த்திச் சிம்மாசனம் ஏறியவர் ஹென்றி டியூடர். ஷேக்ஸ்பியர் எழுதியபோது ஆண்டுகொண்டிருந்த எலிசபெத், அந்த ஹென்றியின் பேத்தி. ஜான் ரவுஸ் என்ற வரலாற்றாசிரியர், ரிச்சர்ட் உயிரோடு இருந்தவரை அவரைப் புகழ்ந்தார். மன்னர் செத்த பிறகு, தாய் வயிற்றில் இரண்டு வருஷம் கிடந்து, பல்லோடும் தோள்வரை தொங்கும் முடியோடும் பிறந்தவன் என்று எழுதினார். ஆட்சி மாறியதும் பேனாவும் கட்சி மாறிவிட்டது. 1484இல் ரிச்சர்ட் கூட்டிய ஒரே நாடாளுமன்றம் ஜாமீன் தொடர்பாக நல்ல சட்டம் போட்டது. அதை நாடகம் மூச்சுவிடவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் என்னதான் பேச வந்தாய் என்கிறீர்களா?

அவதூறு என்றால் என்ன, ஐயா? ‘அவன் ஒருவன்தான் கெட்டவன், மற்றவர்கள் பாவம், ஏமாந்தவர்கள்’ என்று சொல்வதுதானே அவதூறின் வேலை? ஒருவன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு மற்றவர்கள் கை கழுவிக்கொள்ள வேண்டும். இந்த நாடகம் அதைச் செய்திருந்தால் நானே எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காருவேன். ஆனால் இதில் ஏமாந்தவர்களைவிட, ஏமாந்ததுபோல் இருந்தவர்கள்தான் அதிகம்.

ஒரு காட்சியைப் பாருங்கள். லண்டன் கோட்டையில் ஆலோசனைக் கூட்டம். இறந்துபோன நான்காம் எட்வர்டின் மகன், சிறுவன் ஐந்தாம் எட்வர்டுக்கு முடிசூட்ட நாள் குறிக்க வேண்டும். ரிச்சர்ட் தாமதமாக, சிரித்த முகத்தோடு வருகிறான். ஈலி ஆயரைப் பார்த்து, “உங்கள் தோட்டத்தில் நல்ல ஸ்ட்ராபெர்ரி பார்த்தேனே, கொஞ்சம் வரவழையுங்கள்” என்கிறான். ஆயர் உடனே ஆள் அனுப்பப் போகிறார். பழத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ரிச்சர்ட் வெளியே போய்விட்டுத் திரும்பி வருகிறான். இப்போது முகமே வேறு. சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுகிறான். “பாருங்கள், சூனியம் வைத்து என் கையைச் சூம்பச் செய்துவிட்டார்கள். செத்த மன்னனின் மனைவியும் அந்த ஷோர் என்பவளும் செய்த வேலை இது.”

ஹேஸ்டிங்ஸ் பிரபு வாய் திறக்கிறார். “அவர்கள் இதைச் செய்திருந்தால், பிரபு...”

அவ்வளவுதான். “செய்திருந்தாலா? என்னிடமே ‘தால்’ போடுகிறாயா? துரோகி! வெட்டு இவன் தலையை! அதைப் பார்க்காமல் நான் சாப்பிட மாட்டேன்!”

ஒரு விகுதிக்கு ஒரு தலை. இலக்கணத்துக்கு இவ்வளவு பெரிய விலை கொடுத்த ஆள் வேறு யாரும் இருப்பாரா, தெரியவில்லை.

ஆனால் என் கண் ரிச்சர்ட் மீது இல்லை, ஐயா. அடுத்த வரியைக் கேளுங்கள். “என்மேல் அன்பு உள்ளவர்கள் எழுந்து என்னோடு வாருங்கள்.” மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போகிறார்கள். எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாற்காலி தள்ளும் சத்தம் எனக்குக் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு மூன்றாம் ரிச்சர்ட் என்று பெயர் வைக்க முடியுமா?

அடுத்தது பக்கிங்ஹாம், ரிச்சர்டின் கூட்டாளி. ரிச்சர்டுக்கு ஆதரவு திரட்ட நகர மண்டபத்தில் பேசுகிறான். மக்கள் வாயே திறக்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசி வரிசையில் இவனுடைய ஆட்கள் ஒரு பத்துப் பேர் தொப்பியைத் தூக்கி எறிந்து “மன்னர் ரிச்சர்ட் வாழ்க” என்று கத்துகிறார்கள். பக்கிங்ஹாம் விடுவானா? ‘இந்த ஆரவாரமே உங்கள் அன்புக்குச் சாட்சி’ என்று நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்துவிடுகிறான். (நம் கடைசி வரிசைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களைச் சொல்லவில்லை.)

பிறகு ரிச்சர்ட் மாடியில், இரண்டு பாதிரியார்களுக்கு நடுவே, கையில் ஜெபப் புத்தகத்தோடு தோன்றுகிறான். கிரீடம் வேண்டாம், வேண்டாம் என்று மறுத்து, ரொம்பக் கெஞ்சிய பிறகு வாங்கிக்கொள்கிறான். ‘கட்டாயப்படுத்தியது நீங்கள்தான்’ என்றும் சொல்லி வைக்கிறான். லண்டன் மேயர் பதில் சொல்கிறார்: “கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும். நாங்கள் பார்க்கிறோம், அப்படியே சொல்லுவோம்.”

இந்த பக்கிங்ஹாமிடம்தான், லண்டன் கோட்டையில் இருக்கும் சிறுவன் எட்வர்டையும் அவன் தம்பியையும் தீர்த்துவிடு என்று ரிச்சர்ட் கேட்கிறான். ஒருவனுக்கு 12 வயது, இன்னொருவனுக்கு 9. பக்கிங்ஹாம் மூச்சுவிட அவகாசம் கேட்டுப் போகிறான். மனசாட்சி விழித்துவிட்டது என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். திரும்பி வந்தவன் பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. “எனக்குத் தருவதாகச் சொன்ன ஹெர்ஃபோர்ட் ஜமீன் என்ன ஆயிற்று?” என்கிறான்! அந்தப் பிள்ளைகளை உண்மையில் யார் கொன்றார்கள் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை என்றார் எதிரணி அம்மா. சரிதான். ஆனால் பாக்கி வசூலிக்கத் திரும்பி வருகிறவர்களை நிரூபிக்கச் சாட்சி வேண்டுமா?

ரிச்சர்டைக் கூனனாக, கை சூம்பியவனாகக் காட்டியது அவதூறு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 2012இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் உண்மையான ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஒரு தோள் சற்று உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். கூனும் இல்லை, சூம்பிய கையும் இல்லை. 2015இல் லெஸ்டர் பேராலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். நாடகம் பார்த்த எத்தனையோ தலைமுறை, வளைந்த உடம்பு என்றால் வளைந்த மனசு என்று கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது. இதில் நான் ஷேக்ஸ்பியருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘இந்த உடம்பை வைத்துக்கொண்டு காதலனாக முடியாது, அதனால் வில்லனாகிறேன்’ என்பது முதல் காட்சியில் ரிச்சர்ட் தானே சொல்லும் காரணம். இரண்டாவது காட்சியில், தான் கொன்ற ஆறாம் ஹென்றியின் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே, அவருடைய மருமகள் ஆன் என்பவளின் மனதை மாற்றி மோதிரம் போட்டுவிடுகிறான். அவன் சொன்ன காரணம் பொய் என்று நாடகமே காட்டிக்கொடுக்கிறது.

நடுவர் ஐயா மணிமேல் கை வைத்துவிட்டார். நடுவில் ஒரு காட்சியைத் தாண்டி வந்தேன், வேண்டுமென்றேதான்.

ஹேஸ்டிங்ஸ் தலை விழுந்தாயிற்று. மேடைக்கு ஓர் எழுத்தர் வருகிறார். பெயர் கிடையாது. மொத்தம் 14 வரி. கையில் ஹேஸ்டிங்ஸின் குற்றப்பத்திரிகை, அழகான கையெழுத்தில் எடுத்த படி. தனியாக நின்று கணக்குப் பார்க்கிறார். இதைப் படி எடுக்க எனக்கு 11 மணி நேரம். மூலத்தை எழுதவும் அவ்வளவு நேரம் ஆகியிருக்கும். ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு முன்புவரை ஹேஸ்டிங்ஸ் ஒரு குற்றமும் சாட்டப்படாமல் உயிரோடு நடமாடினாரே! “இந்தத் தந்திரம் புரியாத மடையன் எவன்? புரிகிறது என்று சொல்லத் துணிந்தவன்தான் எவன்?”

சொல்லிவிட்டு அவர் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, ஐயா. அன்றைக்கு அது செயின்ட் பால் ஆலயத்தில் ஊருக்கு வாசிக்கப்பட வேண்டும். கையில் பிடித்தபடியே உள்ளே போகிறார்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.