துறைமுக மதிலுக்கு இந்தப் பக்கம்

தலைவர் அவர்களே, வட கொழும்பில் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"காணிப் பயன்பாட்டு வலயங்கள்" என்று அழைப்பிதழில் போட்டால் யார் வருவார்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன். வந்திருக்கிறீர்கள். சரி, வரைபடத்தை விரித்து உங்களைத் தூங்க வைக்க மாட்டேன்.

துறைமுகத்தை ஒட்டிய காணியில் ஒரு தொழிலுக்கு இடம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த வேலை தண்ணீர் ஓரம் இல்லாமல் நடக்குமா?" என்பதுதான். கப்பல் கட்டும் துறைக்கும், இழுவைப் படகுக்கும், கப்பல் பழுதுபார்க்கும் இடத்துக்கும், மீன்பிடி வள்ளத்துக்கும் தண்ணீர் வேண்டும். ஹோட்டலுக்கு வேண்டியது கடல் தெரியும் ஜன்னல். ஆனால் பேர்ச் (நாம் காணி அளக்கும் அளவு) கணக்கில் ஹோட்டல்காரர் கொடுக்கும் விலையை வள்ளக்காரர் எந்தக் காலத்திலும் கொடுக்க முடியாது. விலையிடம் மட்டும் விட்டுவிட்டால் கரை முழுக்க ஜன்னலாகிவிடும். எந்தக் காணியில் எதற்கு இடம் என்று பிரித்து வைக்கும் வலயச் சட்டம் தேவைப்படுவது அதனால்தான்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாண்ட் சின்ன ஊர், பழைய மீன்பிடித் துறைமுகம். 1980களில் அங்கே இறங்குதுறைகளின் மேலேயே சொகுசுத் தொடர்மாடிகள் எழும்பின. 1987இல் ஊர்மக்கள் வாக்கெடுப்பு வைத்து, கடல்தொழிலோடு சம்பந்தமில்லாத கட்டடம் எதுவும் கரையில் ஐந்து வருடத்துக்குக் கூடாது என்று நிறுத்தினார்கள். அப்புறம் வேறொரு சிக்கல். வாடகை போதாமல் இறங்குதுறைகளின் மரத்தூண்களே உக்கத் தொடங்கின. 2010இல் விதியைத் திருத்தினார்கள்: கீழ்த்தளத்தில் 55 சதவீதம் கடல்தொழிலுக்கு, மிச்சத்தில் வேறு தொழில்கள் வரலாம். அந்த வாடகை தூண்களைக் காப்பாற்றட்டும் என்ற கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனாலும் 2018இல் மீனவர்கள் மறுபடி கிளம்பினார்கள், பொறிக்கூடை ஏற்றிவரும் வண்டியை நிறுத்த இடமில்லை என்று. வலய விதி ஒருமுறை எழுதிப் பூட்டி வைக்கும் சாமான் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதே அமெரிக்காவில் பால்டிமோர் நகரம் இன்னும் கண்டிப்பாகப் போனது. 2004இல் ஆழ்நீர்க் கரையைத் தனி வலயமாகக் குறித்து, அதற்குள் வீடும் ஹோட்டலும் வரக்கூடாது என்று எழுதியது. ஆழமான தண்ணீரைத் தொடும் நிலம் எந்த ஊருக்கும் கொஞ்சம்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1875இல் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் வைக்கும் வரை கொழும்பில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. சரக்கு வள்ளங்களில் கரைக்கு வந்தது. துறைமுகம் எழும்பிய பின்னும் அது நகரத்தோடு ஒட்டித்தான் கிடந்தது. பேரை வாவியைச் சுற்றிப் பண்டகசாலைகள்; வாவிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே மடைக்கதவு வழியாகப் படகுகள் போய்வந்தன. வேலையாட்கள் நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தார்கள். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டியில் தோட்டங்கள் என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகள் நிரம்பிய கதையில் பெரும்பங்கு அதுதான். 1927 துறைமுக வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்கியதும் இந்தத் தெருக்களில்தான்.

பிறகு கொள்கலன் காலம். கப்பல்கள் பெருக்கப் பெருக்க, துறைமுகம் மேற்கே கடலுக்குள் நகர்ந்தது. 2012இல் புதிய அலைதாங்கி, 18 மீற்றர் ஆழம். 2013இல் தெற்கு முனையம், 2025இல் மேற்கு முனையம். கப்பல் தள்ளிப் போய்விட்டது. ஆனால் கொள்கலன் பெட்டி வெளியே வரும் வாசல் இன்னும் நம் தெருவிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இருபதடிப் பெட்டிக் கணக்கில் கொழும்பு ஆண்டுக்குக் கையாள்வது 70 லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ. அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இடைமாற்றுச் சரக்கு: ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிவிடும், வாசலைத் தாண்டாது. நம் தெருவில் ஓடுவது மிச்சப் பங்கு. ஆகவே "துறைமுகம் பெருத்தால் நெரிசலும் அதே அளவு பெருக்கும்" என்பது அரைகுறைக் கணக்கு. லொறி எங்கே காத்து நிற்கிறது, சுங்கப் பரிசோதனை எங்கே நடக்கிறது, வெற்றுப் பெட்டியை எங்கே அடுக்குகிறார்கள் என்பதெல்லாம் மதிலுக்கு வெளியே உள்ள காணிப் பிரச்சினை.

அந்த வெளியை ஆள்வது யார்? மதிலுக்குள்ளே 1979 சட்டப்படி துறைமுக அதிகார சபை. வெளியே 1978 சட்டப்படி நகர அபிவிருத்தி அதிகார சபை, கூடவே மாநகர சபை. கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை 1981 கரையோரப் பாதுகாப்புச் சட்டம். தெற்கே கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயரில் 2021 சட்டப்படி ஓர் ஆணைக்குழு. துறைமுக நகரம் என்று பெயர். அங்கே ஒரு கொள்கலனும் இறங்காது, அது போகட்டும். கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு அறையைப் பெருக்கிவிட்டு நடு முற்றத்தை விட்டுவிடுவதைப் போல, இத்தனை வரைபடங்களும் மதிலடியில் வந்து முடிந்துவிடுகின்றன. நாம் குடியிருப்பது அந்த முற்றத்தில்.

முற்றத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? துறைமுகத்திலிருந்து கொலன்னாவைத் தாங்கிகளுக்கு எண்ணெய் போகும் குழாய்கள். பதிக்கும்போது வெறும் நிலமாக இருந்த இடங்களில் இன்று வீடுகள். குழாயும் பழசு. மாற்றப் போனால் வீடு தடை, வீட்டை எடுக்கப் போனால் வாழ்க்கை தடை. குழாய்ப் பாதையைத் தனி வலயமாகக் காலத்தோடு குறித்துப் பாதுகாத்திருந்தால் இந்த நிலை வந்திராது. அங்கே வீடு கட்டியவர்கள் மீது நான் பழி போட மாட்டேன். அந்தப் பாதையைப் பாதுகாத்திருக்க வேண்டியது அவர்களின் வேலை இல்லை.

2020 ஆகஸ்ட் 4, லெபனான் தலைநகர் பெய்ரூட்டை நினைத்துப் பாருங்கள். துறைமுகக் கிடங்கில் ஆறேழு வருடமாகக் கிடந்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்தது. 200க்கு மேல் உயிர்கள். செத்தவர்களில் பலர் துறைமுகத்தில் வேலை செய்தவர்களே இல்லை, எதிர்த் தெருக்காரர்கள். ஆபத்தான சரக்குக் கிடங்குக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை மதிலின் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே மேசையில் இருந்து எழுதியாக வேண்டும். ஒருவர் தனியாக எழுதினால் மற்றவர் அந்தத் தூரத்துக்குள்ளேயே தொடர்மாடிக்கு அனுமதி கொடுத்துவிடுவார்.

புதிய தொடர்மாடிகளைப் பற்றி லண்டனில் ஒரு விதி உண்டு. 2021 நகரத் திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்: ஏற்கெனவே சத்தம் போடும் தொழிலுக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுபவர்தான் சத்தத்தைத் தடுக்கும் செலவை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தாம் மாடிக்காரர் பாரந்தூக்கிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று வழக்குப் போடுவார், இரவு வேலை நிற்கும். இங்கேயும் அது வரட்டும். ஆனால் அப்படியே வேண்டாம். நான்கு தலைமுறையாக இருக்கும் ஜிந்துப்பிட்டிக் குடும்பம் புதிதாக வந்தது இல்லை. துறைமுகம் கூப்பிட்டு வந்தது. அவர்களுக்கு அந்தச் செலவைத் துறைமுகம் ஏற்பதுதான் நியாயம்.

அபிவிருத்தித் திட்ட வரைவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சட்டமே சொல்கிறது. அடுத்த முறை வைக்கும்போது வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள், வலய அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வலயத்திலும் எதெதற்கு அனுமதி என்று அதில் இருக்கும். உங்கள் தெரு எந்த வலயம், அதில் கொள்கலன் முற்றத்துக்கு இடம் உண்டா, குழாய்ப் பாதை குறிக்கப்பட்டிருக்கிறதா, லொறித் தரிப்பிடத்துக்கு எந்தக் காணி என்று எழுத்தில் கேளுங்கள். வீடுகளை எடுக்க வேண்டி வந்தால் மாற்று வீடு இதே வட்டாரத்தில் எந்தக் காணியில் என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். அதற்கான காணியை வரைவிலேயே ஒதுக்கவில்லை என்றால், பிறகு ஒதுக்க வட கொழும்பில் நிலம் மிஞ்சாது.

இனி நீங்கள் கேளுங்கள். குழாய்ப் பாதை ஓரத்தில் இருப்பவர்கள் யாராவது வந்திருந்தால் அவர்கள் முதலில்.