புளூ காமெட்டுக்கு எந்த நீலம்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1930-ல் கொண்டுவந்த பொம்மை ரயில் புளூ காமெட். நியூ ஜெர்சியில் அதற்கு முந்தைய ஆண்டு ஓடத் தொடங்கிய நிஜ ரயிலைப் பார்த்துச் செய்தது. ஃபேய், வெஸ்ட்ஃபால், டெம்பல் என்று வால்நட்சத்திரங்களைக் கண்டறிந்தவர்களின் பெயர்களைப் பெட்டிகளுக்கு வைத்தார்கள். கூரை அடர்நீலம், உடல் வெளிர்நீலம். அதில் ஒரு பெட்டி பெயின்ட் உரிந்து கைக்கு வந்தால், எந்த நீலத்தை அடிப்பது?

புளூ காமெட் நீலம் என்று டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். தொழிற்சாலையிலேயே ஒரு கலவைக்கும் அடுத்த கலவைக்கும் நிறம் சற்று மாறும். கையில் இருக்கும் பெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

பித்தளைப் பெயர்த்தகட்டைக் கழற்றுங்கள். உட்புறம் மடங்கியிருக்கும் காதுகளை மெல்லிய திருப்புளியால் தேவையான அளவு மட்டும் நிமிர்த்துங்கள். திரும்பத் திரும்ப மடக்கினால் ஒடிந்துவிடும். தகட்டுக்கு அடியில் வெயில் படாத நிறம் இருக்கும். அதையும் உடனே அளவாகக் கொள்ள வேண்டாம். எண்ணெய் சார்ந்த பழைய எனாமல் இருட்டில் மஞ்சளிக்கும். நீலத்தில் மஞ்சள் ஏறினால் பச்சைச் சாயல் தட்டும். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நேர்வெயில் விழாத ஜன்னலோரம் இரண்டு வாரம் வைத்தால் மஞ்சள் ஓரளவு வெளுக்கும். தின்னர் கூடவே கூடாது, சாட்சியே கரைந்துபோகும்.

கலக்கும்போது வெளிர்நிறத்தில் அடர்நிறத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறம் பளிச்சென்று தூக்கலாக இருந்தால் கறுப்பைவிடத் துளி ஆரஞ்சு நன்றாக அடக்கும். ஈரப் பெயின்ட்டை ஒப்பிடுவது வீண். காய்ந்தால் நிறம் மாறும். தகரத் துண்டில் பெட்டிக்கு அடிக்கப்போகும் அதே ப்ரைமரை (அடிப்பூச்சை) அடித்து, மேலே மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று கொடுத்து, ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கள். வெளிர்நீலத்துக்கு அடியில் கரும்சாம்பல் ப்ரைமர் இருந்தால் நிறம் மங்கும்.

பகலில் நிழல் வெளிச்சத்தில் ஒத்துப்போனது, இரவில் குண்டு பல்பின் கீழ் வேறாகத் தெரியலாம். இன்றைய நீலங்கள் பலவற்றில் இருக்கும் தாலோ நீலம் 1935-ல்தான் விற்பனைக்கு வந்தது; 1930-ன் பெயின்ட்டில் இருந்தது வேறு நிறமி. அதனால் இரண்டு வெளிச்சத்திலும் பார்த்தபிறகே முடிவு செய்யுங்கள். ஒன்றில்தான் சேரும் என்றால், ரயிலைக் காட்சிக்கு வைக்கப்போகும் அறையின் வெளிச்சத்துக்கே முதலிடம்.

பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், கையுறை போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பழைய பெயின்ட்டை உரிக்கக் காஸ்டிக் சோடா வேண்டாம். அலுமினியத்தையும் துத்தநாக வார்ப்பையும் அரித்துவிடும். வேலை முடிந்ததும் மறுவண்ணம் பூசிய ஆண்டைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் கீறிவையுங்கள். பின்னால் வாங்குபவர் அதை அசல் பூச்சு என்று எண்ணி ஏமாறக் கூடாது.