சட்டம் யார் கையில் இருந்தது?

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோரே, வணக்கம். 'சுரங்கத் தொழிலாளிக்கு உரிமை வாங்கித் தந்தது போராட்டமா, சட்டமா?' என்ற தலைப்பில், போராட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைக் காட்டினார். அங்கே நிலக்கரித் தொழிலாளிகள் 1921-ல் துப்பாக்கி தூக்கித் தோற்றார்கள், 1933-ல் சட்டம் வந்த பிறகுதான் சங்கம் வேரூன்றியது என்றார். சரி, தோற்றது உண்மைதான். அவர்களைத் தோற்கடித்தது எது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

அங்கே சுரங்கக் குடியிருப்பில் வீடு கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. கூலியாகக் கம்பெனி டோக்கன் கொடுப்பார்கள், அது கம்பெனிக் கடையில்தான் செல்லும். சங்கத்தில் சேர மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் வேலை. அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லும் என்று 1917-ல் தீர்ப்பளித்தது அமெரிக்க உச்ச நீதிமன்றம். வழக்குப் போட்டதும் மேற்கு வர்ஜீனியாவின் ஒரு நிலக்கரிக் கம்பெனிதான். நண்பரே, சட்டம் 1933-ல் பிறக்கவில்லை. அதற்கு முன்பே இருந்தது, முதலாளி பக்கம் இருந்தது.

இப்போது மேட்வானுக்கு வருகிறேன். அதே மேற்கு வர்ஜீனியாவில், பக்கத்து மாநிலமான கென்டக்கியின் எல்லையில், ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். கம்பெனிக்குச் சொந்தமில்லாத ஊர் என்பதால் அதற்கென்று ஒரு மேயர் இருந்தார், கேபல் டெஸ்டர்மன். காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டு, அவரே முன்னாள் சுரங்கத் தொழிலாளி. 1920-ல் அந்த வட்டாரத்துத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் சங்கத்தில் சேர்ந்தார்கள். மே 19 அன்று பால்டுவின்-ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் துப்பாக்கியோடு ரயிலில் வந்து இறங்கினார்கள். சங்கத்தில் சேர்ந்தவர்களின் குடும்பங்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றி, தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டார்கள்.

எந்த அதிகாரத்தில் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டார் ஹாட்ஃபீல்டு. ஊர்க் காவலர் கேட்க வேண்டிய கேள்வி அது. அவரையே கைது செய்ய வாரண்டு இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதை வாங்கிப் பார்த்த மேயர், இது போலி என்றார். அப்புறம் துப்பாக்கி வெடித்தது. முதலில் சுட்டது யார் என்பதில் இன்றுவரை இரண்டு பேச்சு உண்டு. செத்தவர்கள் 10 பேர்: கம்பெனி அனுப்பிய ஆட்கள் 7 பேர், தொழிலாளிகள் 2 பேர், அந்த மேயர்.

கொலை வழக்கில் உள்ளூர் ஜூரி ஹாட்ஃபீல்டை விடுவித்தது. 1921 ஆகஸ்ட் 1 அன்று வேறொரு வழக்குக்காக வெல்ச் என்ற ஊரின் நீதிமன்றத்துக்குப் போனார் ஹாட்ஃபீல்டு. கூடவே நண்பர் எட் சேம்பர்ஸ், இருவரின் மனைவிமார். நீதிமன்றப் படியில் ஏறும்போதே ஹாட்ஃபீல்டையும் சேம்பர்ஸையும் சுட்டுக் கொன்றார்கள் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள். அதற்காக ஒருவருக்கும் தண்டனை இல்லை. நடுவர் அவர்களே, நீதி கேட்டுப் போன மனிதன் நீதிமன்றப் படியிலேயே விழுந்த பிறகு, அந்தத் தொழிலாளிகளை வேறு எங்கே போகச் சொல்கிறார் நண்பர்?

அவர்கள் பிளேர் மலைக்குப் போனார்கள், நண்பர் சொன்ன அந்த 1921 சண்டைக்கு. ஏறத்தாழ 10,000 பேர், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு. எதிரே நின்ற லோகன் பகுதியின் ஷெரீப், அதாவது காவல் அதிகாரி, டான் சாஃபின், நிலக்கரி முதலாளிகளிடம் பணம் வாங்கியவர். அவர் தரப்பில் வாடகை விமானத்திலிருந்து தொழிலாளிகள் மேல் குண்டு போட்டார்கள். கடைசியில் மத்திய அரசின் ராணுவம் வந்ததும் தொழிலாளிகள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். தங்கள் நாட்டு ராணுவத்தைச் சுட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களில் சிலர் முதல் உலகப் போரில் அதே ராணுவத்தில் இருந்தவர்கள். அதற்குப் பிறகும் நூற்றுக்கணக்கானவர்கள் மேல் வழக்கு, சிலர் மேல் தேசத்துரோக வழக்கு.

1933-ல் வந்த சட்டம் சங்கம் சேரலாம் என்று சொன்னது, அவ்வளவுதான். சில மாதங்களில் அந்த மலைப்பகுதி முழுவதும் சங்கத்தில் சேர்ந்தது. சங்கம் என்றால் என்ன என்று அந்த மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வீட்டை இழந்து குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்த குடும்பங்கள் இருந்த பகுதி அது. தீர்ப்பு எழுதும்போது அந்தக் கூடாரங்களையும், வெல்ச் நீதிமன்றத்தின் அந்தப் படிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.