1985: நான் கேட்டு வாங்காத பாட்டு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். இந்த ஆண்டில் உங்களுக்குப் பிடித்த இசைத்தொகுப்புகள் எவை என்று ஆண்டு முடிவில் நண்பர்கள் கேட்பது வழக்கம். அப்படிக் கேட்கும்போதெல்லாம் என் மனம் நடப்பு ஆண்டில் நிற்காமல் நேரே 1985-ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறது. அந்த ஒரே ஆண்டில் முதல் மரியாதை, சிந்து பைரவி, இதய கோவில், பகல் நிலவு, உதயகீதம், தென்றலே என்னைத் தொடு, கீதாஞ்சலி, பூவே பூச்சூடவா, ஆண் பாவம் என்று வரிசையாக வந்தன. நான் பெயர் சொன்ன அத்தனை படங்களுக்கும் இசை இளையராஜா. இவற்றிலிருந்து எனக்கு மிக நெருக்கமான நான்கு தொகுப்புகளைப் பற்றிப் பேச எண்ணி வந்திருக்கிறேன்.

ஒரு பாட்டைப் பிடிப்பது வேறு, ஒரு தொகுப்பைப் பிடிப்பது வேறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மன்னார்குடியில் இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கடை. அந்நாளில் கல்லூரி மாணவனான எனக்கு இசைத்தட்டு வாங்கும் வசதி இல்லை. என்னைப் போன்றவர்கள் அறுபது நிமிட வெற்று கேசட் ஒன்றை வாங்கிக்கொண்டு, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, பந்தலடிப் பக்கம் இருந்த அந்தக் கடையில் கொடுத்துவிட்டு வருவோம். பக்கத்துக்கு அரை மணி நேரம் என்றால், கொஞ்சம் கூடக் குறைய ஆறேழு பாட்டுகள் அடங்கும். நான்கு நாள் கழித்துப் போனால், அட்டையில் சிவப்பு மையில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதி, கேசட்டைக் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நாடா தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றி இறுக்கிய பிறகே டேப் ரெக்கார்டரில் போடுவோம். இன்று நாற்பது வயதைக் கடந்த நேயர்கள் பலருடைய விரல்களில் அந்தப் பழக்கம் இன்னும் மிச்சமிருக்கும்.

முதல் மரியாதை வந்த சமயம் அது. நான் என் தாளில் ‘பூங்காத்து திரும்புமா’, ‘வெட்டிவேரு வாசம்’, ‘அந்த நிலாவத்தான்’, ‘ராசாவே உன்ன நம்பி’ என்ற நான்கையும் எழுதி, மற்ற இடத்தை வேறு படப் பாட்டுகளால் நிரப்பியிருந்தேன். கேசட்டைப் போட்டுக் கேட்டேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் நாடா ஓடிக்கொண்டே இருந்தது. திருப்பிப் போடலாம் என்று கையை நீட்டிய நேரத்தில், நான் கேட்காத, அட்டையிலும் எழுதப்படாத ஒரு சிறிய பாட்டு ஒலித்தது. சிட்டுக்குருவியைக் கூப்பிட்டு, அதன் சோடியைப் பற்றி விசாரிக்கும் ‘ஏ குருவி’ என்ற பாட்டு அது. மறுநாள் கடைக்காரரிடம் கேட்டேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது தம்பி, வெறுமனே விட மனசு வரவில்லை, அதே படத்தில் இருந்த சின்னப் பாட்டைப் போட்டேன் என்றார்.

நேயர்களே, அந்த மிச்ச நாடா எனக்குச் செய்த உதவி பெரியது. ‘பூங்காத்து திரும்புமா’ என்ற பாட்டை அதற்கு முன் எத்தனையோ முறை கேட்டிருந்தேன். அதில் வரும் ஏக்கத்தை நல்ல மெட்டு என்ற அளவில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் துணை இருந்தும் துணையற்றுப் போன ஒரு மனிதர் குருவியிடம் சோடியைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்ட பிறகு பெரிய பாட்டுக்குத் திரும்பிப் போனபோது, அது வேறு பாட்டாக இருந்தது. ஊரே எழுந்து நின்று மதிக்கும் பெரியவர் தனியாகப் பாடுகிறார். அவருடைய பாட்டுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண் குரல் எங்கிருந்தோ பதில் சொல்கிறது. அந்தப் பெரியவராக நடித்த சிவாஜி கணேசனுக்கு டி.எம்.சௌந்தரராஜனின் குரலையே பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு, மலேசியா வாசுதேவனின் மண் வாசனை கொண்ட குரல் அந்தப் பெரியவருக்கு அப்படியே பொருந்தியது. பதில் சொன்ன குரல் எஸ்.ஜானகியுடையது. இந்தப் படத்தின் பாட்டுகளுக்காகத்தான் வைரமுத்து தம்முடைய முதல் தேசிய விருதைப் பெற்றார்.

நாம் கேட்டு வாங்காத பாட்டு நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறதா என்பதுதான் ஒரு தொகுப்புக்கு நான் வைக்கும் அளவுகோல். அன்று முதல் நான் பாட்டுகளைப் பொறுக்கி எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டு, படம் முழுவதையும் பதிந்து தாருங்கள் என்று கேட்கத் தொடங்கினேன்.

அப்படி முழுவதுமாகப் பதிந்து வாங்கிய முதல் கேசட் சிந்து பைரவி. கே.பாலசந்தர் இயக்கத்தில் தீபாவளிக்கு வந்த படம். இதில் ‘பாடறியேன்’ பாட்டைக் கேட்டறியாத நேயர் இருக்க மாட்டீர்கள். நாட்டுப்புற மெட்டில் தொடங்குகிற பாட்டு, ஸ்வரங்களில் ஏறி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. கச்சேரிகளில் காம்போதி ராகத்தில் பாடப்படும் அந்தக் கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்தில் அமைத்தார். காம்போதியில் ஊறிய காதுகள் திடுக்கிட்டிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தெருவில் பாடுகிற மெட்டுக்கும் மேடையில் பாடுகிற கீர்த்தனைக்கும் இடையே சுவர் இல்லை என்று காட்ட வேண்டிய இடத்தில், இரண்டும் ஒரே ராகத்தில் நின்றால்தானே கேட்பவர் மனம் அதை ஒப்புக்கொள்ளும்?

அதே தொகுப்பில் யேசுதாஸ் பாடிய ‘கலைவாணியே’ கல்யாணி ராகத்தில் அமைந்தது. ராகம் என்றால் ஸ்வரங்கள் ஏறுவதற்கு ஒரு வரிசையும் இறங்குவதற்கு ஒரு வரிசையும் உண்டு. இந்தப் பாட்டில் இளையராஜா ஏறும் வரிசையை மட்டுமே வைத்துக்கொண்டார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது வாளி மேலே வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போல, ஒவ்வொரு அடியும் கீழிருந்து கிளம்பி மேலே போகிறது. அடுத்த அடி மறுபடியும் கீழிருந்துதான் கிளம்புகிறது. இந்த நுட்பம் தெரியாமலே நான் பல மாதங்கள் இந்தப் பாட்டில் உருகியிருக்கிறேன். இன்று வீட்டில் கேட்கும்போது, குரல் எங்கேயாவது படி இறங்குகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

ஆனால் என் அளவுகோலுக்கு உரிய பாட்டு இவை இரண்டும் அல்ல, ‘தண்ணித்தொட்டி’தான். தீட்சிதரின் ‘மகா கணபதிம்’ பாடிய அதே யேசுதாஸ், அதே பாத்திரத்துக்காக, குடியில் தடுமாறும் வித்வானாக இதைப் பாடுகிறார். சங்கீத ரசிகர்கள் பலர் இதைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். நானும் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இதை விட்டிருப்பேன். கேசட்டில் இது இருந்ததால்தான் ஒரு கலைஞன் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்பது காதுக்கே புரிந்தது.

இங்கே ஒரு வார்த்தை சித்ராவைப் பற்றி. பூவே பூச்சூடவா படத்தின் ‘சின்னக்குயில்’ பாட்டு அவருக்குப் பட்டப்பெயரையே கொடுத்தது. ‘பாடறியேன்’ அவருக்குத் தேசிய விருதைக் கொடுத்தது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை. சிந்து பைரவி தொகுப்பில் அவர் பாடிய ‘நானொரு சிந்து’ பாட்டையும் ‘பாடறியேன்’ பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதில் தன் பிறப்பை நினைத்துக் கலங்கும் துயரம், பின்னதில் வித்வானுக்குச் சவால் விடும் துணிவு. ஒரு புதிய குரல் ஒரே படத்தில் இவ்வளவு தூரம் போய் வந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இதய கோவில் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய ‘நான் பாடும் மௌன ராகம்’ இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. அதே சொற்களைப் பெயராகக் கொண்டு மணிரத்னத்தின் மௌன ராகம் அடுத்த ஆண்டே வந்தது.

நான்காவது பகல் நிலவு. அதில் இளையராஜாவும் ஜானகியும் பாடிய ‘பூமாலையே’ ஒன்றை மட்டும் சொல்ல நேரம் இருக்கிறது. ஒருவர் பாடி முடிக்கும் முன்பே மற்றவர் வேறு வரியோடு உள்ளே வந்துவிடுவார். இரண்டு குரல்களும் ஒன்றை ஒன்று மறைக்காமல் பின்னிக்கொண்டு போகும். முதல் முறை ஆண் குரலை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், இரண்டாம் முறை பெண் குரலை மட்டும். அதற்குப் பிறகு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். வணக்கம்.