உங்க கதாபாத்திரத்துக்கு மாசம் எவ்வளவு துண்டு விழுது?

வணக்கம் மக்களே. கதை எழுத ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் கதாபாத்திரத்துக்குன்னு ஒரு படிவம் நிரப்புறாங்க. வயசு, உயரம், பிடிச்ச கலர், சிலர் ராசி நட்சத்திரம் வரைக்கும் போயிடுறாங்க. அதுல ஒரு வரிகூட கதைக்குள்ள வேலை செய்யாது. அதுக்குப் பதிலா ஒரே ஒரு கணக்கு போடுங்க. அந்த ஆளுக்கு என்ன வருது, எங்க போகுது, எவ்வளவு துண்டு விழுது?

திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் பாக்குற செல்வின்னு ஒருத்தியை வெச்சுக்குவோம். அவளுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். அப்ப அவ மனசு மாசக் கணக்குல ஓடாது. சனிக்கிழமை ராத்திரி பையனுக்கு சிக்கன் வாங்குறவ, வியாழக்கிழமை அதே பையன் பேனா கேட்டா எரிஞ்சு விழுவா. ‘கோபக்காரி’ன்னு நீங்க எழுதவே வேண்டாம், கிழமையைச் சரியா வைங்க.

அடுத்து, 20 பேர் சேர்ந்த ஏலச்சீட்டு. ஆளுக்கு மாசம் 5,000, மொத்தம் 1 லட்சம். மூணாவது மாசமே செல்வி 30,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, சீட்டை எடுக்குறா. கைக்கு 70,000 தான் வருது. தள்ளுன 30,000ல சீட்டு நடத்துற அக்காவுக்கு கமிஷன் 5,000 போக, மீதி 25,000 இருபது பேருக்கும் பிரியுது, தலைக்கு 1,250. அந்த மாசம் எல்லாரும் 3,750 கட்டினா போதும். அவ அவசரத்துல அத்தனை பேருக்கும் லாபம், அதனால யாரும் தடுக்க மாட்டாங்க. ஒரே ஒருத்தி மட்டும் கேக்குறா:

“ஏங்கண்ணு, இத்தனை தள்ளித்தான் எடுக்கோணுமா?”

“சும்மா எடுத்து வெச்சுக்கலாம்னுதாங்க்கா.”

இது பொய்னு வாசகருக்குத் தெரியும். இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க. அடுத்த பாராவுலயே ஃப்ளாஷ்பேக் போட்டு, புருஷனோட கடனை விளக்கிடுவாங்க. பொறுங்க, அந்தப் பொய் ஒரு ரெண்டு காட்சியாவது தாங்கட்டும்.

இன்னொரு ஓட்டை, பணம் வந்ததும் எழுத்தாளர் சீட்டையே மறந்துடுறது. அவளுக்கு இன்னும் 17 மாசம் பாக்கி இருக்கு! கதை அஞ்சு மாசம் நகர்ந்தா அஞ்சு தவணை வந்தே ஆகணும்.

சீட்டு நடத்துற அக்காவை வில்லியாக்காதீங்க, ப்ளீஸ். ஒருத்தர் கட்டாம போனா அவங்க கைக்காசைப் போட்டுத்தான் அடைக்கணும். அவங்க கறாருக்கு அது போதும்.

பேச்சு விஷயம் சுருக்கமா. பேரை மறைச்சுட்டு வசனத்தைப் படிங்க, யார் பேசுறாங்கன்னு தெரியணும். கோபம் வந்தா பலருக்கு ‘ங்க’ காணாம போயிடும். செல்விக்கு மாத்தி வைங்க, கோபம் ஏற ஏற மரியாதை கூடட்டும். சூப்பர்வைசர்கிட்ட அவ “சரிங்க, அப்படியே ஆகட்டுங்க”ன்னு சொன்னாலே பக்கத்து டேபிள்காரி நிமிர்ந்து பாக்கணும்.

இந்தக் கணக்கு நோட்டுலயே இருக்கட்டும், கதையில கொட்டிடாதீங்க. அந்த 3,750 மட்டும் யாராவது வாயில வந்தா போதும்.