காலி நாற்காலிக்கு யாரை அழைப்பது?

(அரசின் நூலக ஆலோசனைக் குழுவுக்கு உறுப்பினர் சேர்ப்பது குறித்து, சென்னையில் நூலகர்களும் வாசகர் வட்டத்தினரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

சென்னையில் வீடு வைத்திருப்பவர் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ரூபாய்க்கு 10 காசு. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக அதைத்தான் கட்டுகிறார். அந்தப் பணத்தில் நடக்கிற நூலகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அரசுக்கு எடுத்துச் சொல்ல ஒரு குழு இருக்கிறது. அதில் யார் உட்கார வேண்டும், அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சென்னை நூலகச் சங்கம் 1928இல் தொடங்கியது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அப்போது சென்னைப் பல்கலைக்கழக நூலகர். பொது நூலகச் சட்டம் வேண்டும் என்று அவரும் சங்கத்தாரும் கேட்டு, அது நிறைவேற 20 ஆண்டுகள் ஆயின. 1948இல் சட்டம் வந்தது. 1950 ஏப்ரல் 1ஆம் தேதி கன்னிமாரா மாநில மைய நூலகமானது. அரசுக்கு வெளியே இருந்தவர்கள் விடாமல் சொன்ன ஆலோசனைதான் சட்டமாக மாறியது. ஆலோசனைக் குழு எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த 20 ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

அந்தச் சட்டம் இரண்டு வகை அமைப்புகளை வைத்தது. ஒன்று, மாநில நூலகக் குழு. அரசுக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. மற்றொன்று, நூலக ஆணைக்குழு. நூலக வரிப் பணம் அதற்குத்தான் வந்து சேரும். கிளை நூலகம் திறப்பது, நடத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. முன்னது சொல்லும், பின்னது செய்யும். விண்ணப்பிப்பவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். உறுப்பினர் ஆனால் தன் தெருவுக்குக் கிளை நூலகம் வாங்கிவிடலாம், தெரிந்தவருக்கு இடமாறுதல் வாங்கித் தரலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவர் இரண்டாவது கூட்டத்திலேயே சலித்துப் போவார். அவர் மேல் தவறில்லை. ‘இது ஆலோசனை சொல்லும் இடம், பணி நியமனமோ ஒப்பந்தமோ இங்கே முடிவாகாது’ என்று அறிவிப்பின் முதல் பத்தியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தேர்வு கெட்டுப்போவது பெரும்பாலும் தொடக்கத்திலேதான். முதலில் பெயர்களை எழுதுகிறார்கள், பிறகு அந்தப் பெயர்களுக்கு ஏற்ப இடத்தை உண்டாக்குகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. ஒரு முழுத்தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் இப்போது உறுப்பினராக இருப்பவர்கள், மேலே குழுவுக்குத் தேவைப்படும் அறிவு: நூலக வரிக் கணக்கு, நூல் தேர்வும் பகுப்பும், சிறுவர் வாசிப்பு, பார்வையற்றோர் சேவை, கட்டடம், கணினியும் மின்னூலும், பகுதி நேர நூலகம், ஊர்ப்புற நூலகம். யாருக்கு எது கைவந்த வேலையோ அங்கே மட்டும் குறி போடுங்கள். ‘ஆர்வம் உண்டு’ என்பதற்குக் குறி கிடையாது. அநேகமாக இலக்கியப் பக்கம் ஐந்தாறு குறிகள் விழும், வரிக் கணக்குப் பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றுக் கட்டம்தான் உங்கள் அறிவிப்பு.

வரிக் கணக்கை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? வரியை வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிக்க வேண்டியது நூலக ஆணைக்குழு. வசூலான தொகை கைமாற வேண்டும். அதில் தாமதம் விழுந்தால் நூல் வாங்கப் பணம் இருக்காது, வாடகைக் கட்டடத்துக்கு வாடகை நிற்கும். ‘கேட்பு (அதாவது வர வேண்டிய வரி), வசூல், நிலுவை’ என்று மூன்று பத்தி போட்ட பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில், ‘வசூலானதில் எவ்வளவு நமக்கு வந்து சேர்ந்தது என்ற நான்காவது பத்தி எங்கே?’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் போதும், கூட்டத்தின் போக்கே மாறும். ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அறிவிப்பை எங்கே வெளியிடுவது? இணையதளத்தில் ஒரு மூலையில் போட்டால் போதாது. கிளை நூலகத்தில் நாளிதழ் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டுங்கள். காலையில் தினத்தாள் படிக்க வருகிறவர் தலை நிமிர்ந்தால் கண்ணில் பட வேண்டும். விண்ணப்பிக்கக் குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள். இரண்டு வாரம் கொடுத்தால் முன்னமே செய்தி தெரிந்தவர்கள் மட்டுமே விண்ணப்பிப்பார்கள். எத்தனை நாள் வேலை என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆண்டுக்கு நான்கு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் படிக்க ஒரு நாள், கிளை நூலகங்களைப் போய்ப் பார்க்க நான்கு நாள் என்று வைத்தால் மொத்தம் 12 நாள். பயணப்படி உண்டா, எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, உழைக்கும் பெண்களும் இளைஞர்களும் வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. நான்கில் இரண்டு கூட்டத்தையாவது சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றுங்கள்.

விண்ணப்பம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பட்டம் கேட்காதீர்கள், விருதுகளுக்கு இடம் ஒதுக்காதீர்கள். மூன்று கேள்வி போதும். கடந்த ஓராண்டில் எந்த நூலகத்தை எதற்காகப் பயன்படுத்தினீர்கள்? அங்கே மாற வேண்டியது என்ன, அதற்கு என்ன செலவாகும் என்று நினைக்கிறீர்கள்? வெற்றுக் கட்டங்களில் எதை நீங்கள் நிரப்புவீர்கள், அதற்கு நீங்கள் செய்த எந்த வேலை சான்று? முதல் கேள்விக்கு நேரான பதில் வராத விண்ணப்பத்தை மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பார்வையற்ற வாசகர் ஒருவரைச் சேர்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நல்லெண்ணம் மட்டும் உதவாது. அவரைச் சேர்த்துவிடுகிறார்கள், கூட்டக் குறிப்பையும் மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். ஆனால் அது கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்த படம். இல்லையென்றால் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அவருடைய கணினியில் உள்ள திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள், படத்தை எழுத்தாகப் படிக்காது. பழைய எழுத்துருவை ஆங்கில எழுத்துகளின் குவியலாக ஒப்பிக்கும். பக்கத்தில் இருப்பவர் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருப்பார், இவர் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேட்பார். பிறகு ‘அவர் அதிகம் பேசுவதில்லை’ என்று பதிவாகும். ஒருங்குறியில் (யூனிகோடில்) அடித்த கோப்பை ஏழு நாள் முன்னால் அனுப்பினால் இவ்வளவும் தீரும். செலவு ஒரு பைசா இல்லை. விண்ணப்பப் படிவமும் அதே ஒருங்குறியில் இருந்தால்தான் அவர் யார் துணையும் இல்லாமல் விண்ணப்பிக்க முடியும்.

பதிப்பாளரைச் சேர்க்கலாமா என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். அச்சு, காகிதம், ஃபாரக் கணக்கு இவற்றை அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. 16 பக்கம் ஒரு ஃபாரம். நூலகத்துக்கு வாங்கும் நூலின் விலை அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அதே காரணத்தால் அந்த விலை பற்றிய பேச்சில் அவர் இருக்கவும் கூடாது. சேர்க்கும்போதே எழுத்தில் வாங்குங்கள்: தனக்கோ குடும்பத்தாருக்கோ பதிப்பகம், புத்தகக் கடை, நூலகத்துக்கு மேசை நாற்காலி கொடுக்கும் தொழில், நூலகத்துக்கு வாடகைக்கு விட்ட கட்டடம் இவற்றில் எதுவும் உண்டா என்று. அந்தப் பொருள் வரும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும், வெளியே போனார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்பது போதாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் விலையைக் குறைக்கச் சொல்ல மாட்டார்கள்.

தேர்வு செய்ய மூன்று பேர் போதும், அதில் ஒருவர் துறைக்கு வெளியே இருந்து வரட்டும். மூவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, தாளை மடித்துக் கொடுத்த பிறகே வாய் திறக்க வேண்டும். மூத்தவர் முதலில் ‘நல்ல மனிதர்’ என்று சொல்லிவிட்டால் மற்ற இருவரின் பேனா அந்தப் பக்கமே சாயும்.

நேர்காணலுக்கு அரை மணி நேரம். அதில் பத்து நிமிடம் ஒரு பயிற்சி வையுங்கள். ஒரு கற்பனைக் கிளை நூலகத்தின் ஒரு பக்கக் குறிப்பைக் கையில் கொடுங்கள்: ஒரு நாளில் வருகைப் பதிவேட்டில் 140 கையெழுத்து, வீட்டுக்கு எடுத்துப் போன நூல் 9. என்ன ஆலோசனை சொல்வீர்கள்? ‘புதிய நூல் வாங்க வேண்டும்’ என்று உடனே சொல்பவர் உண்டு. நமக்கு வேண்டியவர் முதலில் கேள்வி கேட்பார். 140 பேரில் உறுப்பினர் அட்டை உள்ளவர் எத்தனை பேர்? போட்டித் தேர்வுக்குச் சொந்தப் புத்தகத்தோடு வந்து உட்காருபவர்கள் எத்தனை பேர்? மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு உட்கார இடம் இருக்கிறதா? கடைசியாக நூல் வந்து அடுக்கியது எப்போது? இந்தக் கேள்விகள் சரளமாக வர வேண்டும் என்பதில்லை, வந்தால் போதும். மேடைப் பேச்சு வன்மைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்தில் 1964ஆம் ஆண்டுப் பொது நூலக, அருங்காட்சியகச் சட்டம் அமைச்சருக்கு ஆலோசனை சொல்ல நூலக ஆலோசனைக் குழுவை ஏற்படுத்தியது. 1995இல் நோலன் குழு பொதுவாழ்வுக்கு ஏழு நெறிகளைச் சொன்ன பிறகு, அங்கே அரசு அமைப்புகளுக்கு ஆள் எடுப்பதைக் கண்காணிக்கத் தனி ஆணையரே வந்தார். நமக்கும் ஒரு கைப்பிடி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ), எட்டாவது இனம். ஆலோசனை சொல்ல அமைத்த குழுக்கள் எவை, அவற்றின் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கலாமா என்பதை யாரும் மனுப் போடாமலே அரசு அலுவலகம் வெளியிட வேண்டும். வாசகர் வட்டங்கள் இந்தப் பிரிவு எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள்.

பதவிக்காலம் எல்லோருக்கும் ஒரே நாளில் முடியும்படி விடாதீர்கள். அப்படி முடிந்தால் அடுத்த அரசாணை வரும்வரை குழுவே இருக்காது. கோப்பு நகர மாதக் கணக்காகும். 12 பேர், மூன்றாண்டு என்றால், முதல் தவணையில் நால்வருக்கு ஓராண்டு, நால்வருக்கு ஈராண்டு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டால் அதன் பிறகு ஆண்டுதோறும் நால்வர் மட்டுமே மாறுவார்கள். பதவி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த அறிவிப்பு சுவரில் ஏற வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் மூவர் பெயரை ஓராண்டுக்கு வைத்திருங்கள். இடம் கிடைக்காதவருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும், எந்தக் கட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது என்ற ஒற்றை வரியோடு.

புதியவர் வந்ததும் முதல் கூட்டத்துக்கு முன் அவர் கைக்குப் போக வேண்டியவை நான்கு: சட்டம், விதிகள், சென்ற ஆண்டு வரவு செலவு, கடைசி நான்கு கூட்டங்களின் குறிப்பு. கூடவே தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு முற்பகலும், தன் வீட்டுக்குத் தொலைவில் உள்ள ஒரு கிளையில் மாலை 5 முதல் 6 வரை ஒரு மணி நேரமும் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அறிக்கை எதுவும் கேட்க வேண்டாம். எத்தனை நாற்காலி, எத்தனை மின்விசிறி ஓடுகிறது, பிள்ளைகள் எந்த அலமாரிப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்து வந்தால் போதும். முதல் கூட்டத்தின் முதல் பொருளாக அதையே பேசச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.